பத்து மைல் மரதனும் பேராதனைப் பாலமும்

கெலிஓயாவில் அந்த நாலு பேரையும் தெரியாதவர்கள் இல்லை. விடியற்காலையில் பாண் வாங்கப் போகிறவர்கள், காற்சட்டையோடு எதிரே ஓடிவரும் இந்தக் கூட்டத்தைப் பார்த்து முதல் மாதம் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் இவர்களைப் பார்த்து மணி ஆறாகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

முன்னால் வருகிறவன் ராஜலிங்கம். ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன், இருபத்தாறு வயது, கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவன். அவனுக்குப் பின்னால் சப்பாத்துக் கடை முஹ்ஸின், ஓடும்போதும் வாய் ஓயாதவன். முஹ்ஸினை ஒட்டினாற்போல் தச்சுப்பட்டறை பண்டார. நாலு பேரில் அவன் ஒருவன்தான் சிங்களவன். எல்லோருக்கும் பின்னால் இரைக்க இரைக்க வருகிறவர் விவேகானந்தன், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனுஷன். நாற்பதைத் தாண்டிய அவர் சீனி வருத்தத்துக்காக டொக்டர் சொல்லி ஓட வந்தவர். டொக்டரை அவர் திட்டாத நாள் கிடையாது.

இந்த வரிசை பேராதனைப் பாலம் வரைக்கும்தான். பூந்தோட்டத்து மதில் தாண்டியதும், பாலத்துக் காவலரணுக்கு நூறு யார் தூரம் முன்னாலேயே, ஓட்டம் நடையாகிவிடும். பண்டார முன்னுக்கு வருவான். அவனுக்குப் பின்னால் முஹ்ஸின், பிறகு விவேகானந்தன், கடைசியில் ராஜலிங்கம். நாலு பேர் கையிலும் அடையாள அட்டை. பண்டாரவின் அட்டையை ஆமிக்காரன் வாங்குவதே இல்லை, தலையை ஆட்டுவதோடு சரி. முஹ்ஸினுடையதை வாங்கிப் பார்ப்பான். ராஜலிங்கத்தின் அட்டை என்றால் வெளிச்சத்துக்குப் பிடித்து, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடியும் படத்தைப் பார்ப்பான். அதே ஆமிக்காரன்தான், நேற்றும் பார்த்த அதே முகம்தான். அப்படி என்னதான் ஒரே இரவில் மாறிவிடும் என்று முஹ்ஸின் பாலம் தாண்டியபின் தினமும் கேட்பான்.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் விவேகானந்தன். அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கண்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், கையில் சோற்றுப் பார்சலோடு ராஜலிங்கம் அந்தப் பாலத்தில் ஓடினான். ஓடியதுதான் குற்றம். பார்சலைப் பிரித்துக் கிளறிப் பார்த்தார்கள், சோறும் சம்பலும்தான் இருந்தது. இருந்தும் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். பண்டார கிராம சேவகரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நின்றதால் மூன்றாம் நாள் விட்டார்கள்.

“இஞ்ச பாரும் தம்பி,” என்று அன்றைக்கு விவேகானந்தன் சொன்னார், “காவலரணுக்குக் கிட்ட ஓடக்கூடாது. ஓடுறவனைக் கண்டால் ஏன் ஓடுறான் எண்டுதான் யோசிப்பாங்கள். வேர்வையைக் கண்டால் பயம் எண்டு நினைப்பாங்கள். நடந்து போ. அட்டையைக் கையில பிடி. பண்டார முன்னுக்குப் போகட்டும்.”

“சரிங்கண்ணே,” என்றான் ராஜலிங்கம். அதன்பிறகு அவன் ஒருநாளும் தவறவில்லை. ரத்தினம்மா, அவன் மனைவி, காற்சட்டை இடுப்பில் உள்பக்கமாக ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தாள். வேர்வை படாமல் அட்டையைச் சுற்றிக்கொள்ள முஹ்ஸின் பொலித்தீன் கொடுத்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷச் சித்திரையில் மரதன் ஓட்டப்போட்டி அறிவித்தல் வந்தது. கெலிஓயாச் சந்தியில் தொடங்கி, ஆற்றோரமாகப் பேராதனை, கெட்டம்பே வழியாகக் கண்டிக்குப் போய், வாவியை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க வேண்டும். பத்து மைல். யாரும் ஓடலாம். ராஜலிங்கத்தை இழுத்தது பரிசுதான். கொழும்புத் திணைக்களம் ஒன்று ஓட்ட அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது, முதலாவதாக வருகிறவனுக்கு அங்கே நிரந்தர வேலை. இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

“அரசாங்க வேலைடா!” என்று முஹ்ஸின் குதித்தான். “சம்பளத்த உடு. திணைக்களத்து அட்டை ஒண்டு தருவாங்க, போட்டோவோட, முத்திரையோட. அத நீட்டினா எந்தப் பாலத்துல எவன்டா ஒன்ன உத்துப் பாப்பான்?”

ராஜலிங்கம் சம்பளத்தைப் பற்றியும் யோசித்தான்தான். ஆனால் இரவில் படுத்தால் கண்ணுக்குள் வந்தது அந்த அட்டைதான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரத்தினம்மாவோடு கண்டிக்குப் படம் பார்க்கப் போவதாக நினைத்துப் பார்த்தான். அவளிடமும் சொன்னான். அவள், “மொதல்ல ஓடி முடிங்க, அப்புறம் படம் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவளும் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஓட்டத்தன்று காலை, சந்தியில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒலிபெருக்கியில் சிங்களத்தில் அறிவித்தார்கள்: வழியிலுள்ள காவலரண் எல்லாம் திறந்திருக்கும், ஓட்டக்காரர் யாரும் எங்கேயும் நிற்கத் தேவையில்லை. ராஜலிங்கம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். பண்டார அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “இண்டைக்கு எங்களைப் பாக்க வேணாம் மச்சான். திரும்பிப் பாக்காம போ,” என்றான்.

அவன் போனான். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவன் ஓடிய மாதிரி அந்த வீதியில் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். முதல் இரண்டு மைலில் கூட்டம் கலைந்தது. நாலாம் மைலில் அவனுக்குப் பக்கத்தில் பச்சைப் பெனியன் போட்ட நெட்டைப் பொடியன் ஒருவன்தான் மிச்சம். அவனும் மெல்ல மெல்லப் பின்தங்கினான். பிறகு ராஜலிங்கத்துக்கு முன்னால் வெறும் வீதிதான்.

வலப்பக்கம் மகாவலி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஹந்தானை மலையில் பாதி முகிலுக்குள் இருந்தது. வாசல்களில் பெண்கள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள், யாரோ ஒருத்தி வெட்டிய தோடம்பழத்தை அவன் கையில் திணித்தாள். பள்ளிப் பிள்ளைகள் அவன் நெஞ்சிலிருந்த இலக்கத்தைச் சத்தம்போட்டு வாசித்தார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பத்து வயதுப் பிள்ளையாக, தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடியவன் அவன். அதற்குப் பிறகு ஓடிய ஓட்டத்திலும் பாதி, பஸ் போய்விடும் என்றோ மழை வந்துவிடும் என்றோ பயந்துதான். இப்படி சனம் கைதட்ட, முன்னால் ஒருவரும் இல்லாமல் ஓடுவது அவனுக்குப் புதிது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினான்.

பூந்தோட்டத்து மதில் முடிந்தது. பாலம் தெரிந்தது. பச்சைப் பெனியன் அரை நிமிடம் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

காவலரணின் தகரப் பீப்பாய்களை ஓரமாக உருட்டி வைத்திருந்தார்கள். தினமும் நிற்கும் அந்த இளம் ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். பாலத்தின் இரண்டு பக்கமும் சனம்.

ராஜலிங்கத்தின் ஓட்டம் நடையாயிற்று. கை இடுப்புக்குப் போனது. அட்டையை எடுத்தான், பொலித்தீனைப் பிரித்தான், வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றான். முன்னால் மூன்று பேருக்கு இடம் விட்டு நின்றான். அட்டையை நீட்டினான்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஆமிக்காரன் நாலு எட்டு முன்னால் வந்து அட்டையை வாங்கினான். அவனுக்கும் பழக்கம்தானே! வெளிச்சத்துக்குப் பிடித்தான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், இலக்கம் குத்தியிருந்த நெஞ்சைப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்கு விளங்கியது. நெருப்பைத் தொட்டவன் மாதிரி அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “துவபங் மல்லி, துவபங்!” என்று கத்தினான். ஓடு தம்பி, ஓடு!

அதற்குள் பச்சைப் பெனியன் பக்கத்தால் போய்விட்டான். ராஜலிங்கம் அட்டையைப் பைக்குள் வைக்கப் பார்த்தான், பை வாய் அகப்படவில்லை. கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினான். நின்ற கால் மறுபடி சூடேற ஒரு மைல் பிடித்தது. கெட்டம்பேயில் பச்சைப் பெனியன் கண்ணில்படவே இல்லை. வாவிக்கரை மாரா மரங்களுக்குக் கீழே அவனை மறுபடி கண்டு, உயிரைக் கொடுத்துத் துரத்தி, நாற்பது யார் தூரத்தில் தோற்றான்.

கண்டி வாவிக்கரையில் மேடை போட்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் மற்ற மூவரும் வந்துசேர்ந்தார்கள். பாலத்தில் நின்ற சனம் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது: முதலாவதாக வந்தவனை ஆமிக்காரன் மறித்து அட்டை வாங்கிப் பார்த்தான் என்று. பண்டார மூச்சுக்கூட வாங்கவில்லை, நேரே மேடைக்கு ஏறிவிட்டான். அவ்வளவு கோபமாக அவனை யாரும் பார்த்ததில்லை.

மரதன் நடத்திய குழுவின் தலைவர் நல்ல மனுஷன். உடனே மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். இளம் ஆமிக்காரனும் அவனுடைய கோப்ரலும் வந்தார்கள். பொடியனுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். முறைப்பாடு எழுதினால் அடுத்த கிழமையே இவனை வடக்குக்கு, சண்டை நடக்கும் முன்னரங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கோப்ரல் தலைவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் ராஜலிங்கத்தைக் கூப்பிட்டார். “மகன், ஒரு சொல்லுச் சொன்னால் போதும். இவன் உன்னை மறித்தானா? மறித்தான் என்றால் அந்த நேரத்தைக் கழித்து உன்னை முதலாவதாகப் போடுகிறேன். திணைக்களத்து ஐயாவுக்கும் சம்மதம்.”

முஹ்ஸின் கீழேயிருந்து கையைக் காலை ஆட்டினான். “ஓம்னு சொல்லுடா! என்னடா யோசிக்கிற?”

விவேகானந்தன் மேடைப் படிவரை வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, ஓம் எண்டு சொல்லு. பொய்யில்லை. இண்டைக்கு மறிக்கேல்லை எண்டாலும் மற்ற எல்லா நாளும் மறிச்சவங்கள்தானே.”

அவர் சொன்னது சரிதான் என்று ராஜலிங்கத்துக்கும் பட்டது. அந்தப் பொடியன்மீது அவனுக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு காலையும் தன் முகத்தை உற்று உற்றுப் பார்த்த கண் அது. போகட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு சொல். வேலை, சம்பளம், முத்திரை குத்திய அட்டை, ரத்தினம்மாவின் சிரிப்பு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. தொண்டைவரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அதைச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? இன்ன காவலரணில் இன்ன ஆள் பிழை செய்தான் என்று எழுதி, ஆளை மாற்றி, விஷயத்தை முடித்துவிடுவார்கள். நாளைக்கு அதே இடத்தில் வேறொருவன் நிற்பான். அவனிடமும் ராஜலிங்கம் மூன்று பேருக்கு இடம் விட்டு நிற்பான். நடந்தது இந்தப் பொடியனுடைய பிழையாகப் போய்விடுவதை நினைக்க ராஜலிங்கத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இவன் ஒருவன் தலையில் போட்டு முடிப்பதா?

“இல்லீங்க சார்,” என்றான் சிங்களத்தில். “யாரும் மறிக்கல. நானாத்தான் நின்னேன்.”

“டேய்!” என்று முஹ்ஸின் தலையில் அடித்துக்கொண்டான். ஆமிக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

தலைவருக்கு விளங்கவில்லை. “முதலாவதாக வருகிறவன் ஏன் நடுவழியில் நிற்கவேண்டும்? கால் பிடித்துக்கொண்டதா?”

“இல்லீங்க.”

“தொடங்குமுன் அறிவித்தோமே, நிற்கத் தேவையில்லை என்று. கேட்கவில்லையா?”

“கேட்டுச்சு சார்.”

“பிறகு?”

ராஜலிங்கம் கீழே பார்த்தான்.

“எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியல.”

சனம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். பண்டார சனத்தைப் பார்த்து வாயை மூடும்படி சிங்களத்தில் கத்தினான், அவன் குரல் உடைந்துபோயிருந்தது. தினமும் முன்னால் போகிற அவன், பின்னால் வருகிறவன் எப்படி நிற்கிறான் என்று இதுவரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

தலைவர் பேனாவை எடுத்து, முதலாம் இடத்துக்கு நேரே பச்சைப் பெனியனின் பெயரை எழுதினார். அதைப் பார்த்த பிறகுதான் ராஜலிங்கத்துக்கு வேலை போய்விட்டது என்பது உறைத்தது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்றுகூட யோசிக்காமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.