தேங்காய் பரிசீலனையில் உள்ளது

1

சேலம், நாமக்கல் சமவெளிகள் இதுவரை ஈன்றெடுத்த பகுத்தறிவாளர்களில் முதலிடம் வெண்ணந்தூர் பூபதிக்கே உரியது. இந்தக் கதையை எழுதுபவனும் அதே பூபதிதான் என்பதால் இந்த உண்மைக்குச் சேதாரம் ஒன்றுமில்லை. தன்னைப் பற்றி ‘நான்’ என்று எழுதினால் தற்பெருமை; ‘அவன்’ என்று எழுதினால் இலக்கியம். ஆகவே இனி அவன்.

கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். பூபதி சேலத்தில் நிலவியல் படித்து முடித்தவன். நிலத்தடி நீரைப் பற்றி மேற்படிப்புப் படிக்க ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கூடப் படித்தவர்கள் எட்டுப் பத்து இடங்களுக்குப் போட்டார்கள். இவன் ஒன்றே ஒன்று. ஏனென்றால் இவன் வீட்டில் போர்வெல் தொழில். “நாலு எடத்துல ஓட்டை போட்டா நாலும் தண்ணியில்லாத பொகைதான். ஒரு பாயிண்ட்ட நம்பு, எறக்கு” என்பது அந்தத் தொழிலின் வேதம். வீட்டு நம்பிக்கைகளில் பூபதி கேலி செய்யாமல் விட்டுவைத்தது அது ஒன்றைத்தான். விட்டுவைத்த ஒன்றுதான் இப்போது தூக்கத்தைக் கெடுத்தது.

விண்ணப்பத்தின் நிலை என்ன என்று பார்க்க ஓர் இணையப் பக்கம் உண்டு. காலையில் பார்த்தால் ‘பரிசீலனையில் உள்ளது.’ டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ‘பரிசீலனையில் உள்ளது.’

“அந்தப் பக்கத்த இழுத்து இழுத்து உன் கட்டவிரல் ரேகையே போயிருக்கும்டா” என்றாள் சபீஹா. ஆத்தூர்க்காரி, வகுப்புத் தோழி, ஜவ்வரிசி மண்டிக்காரர் மகள். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதால் முழுநேரமும் அடுத்தவர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தாள். “போய் எதையாவது எழுது. காலேஜ்ல கண்டதையும் எழுதினியே.”

எழுத உட்கார்ந்தான். காத்திருப்பதற்காக அல்ல. காத்திருப்பது பலவீனர்களின் தொழில்.

2

முதல் தொடக்கம்: அது ஒரு மார்ச் மாதத்து நண்பகல். ஈவிரக்கமில்லாத வெயில்

(நிறுத்து. வெண்ணந்தூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவனுக்குச் சொன்னாலும் விளங்காது.)

இரண்டாம் தொடக்கம்: காத்திருத்தல் என்பது மனித குலத்தின் ஆதி

(மனித குலம் இந்தக் கதையில் வரவில்லை. நாலைந்து பேரும் ஒரு தேங்காயும்தான்.)

மூன்றாம் தொடக்கம்: எங்கோ பனி பெய்யும் ஊரில், ஒரு பேராசிரியை தன் மேசைமுன் அமர்ந்து, பூபதி என்ற பெயரை மெல்ல உச்சரித்துப்

(பார்த்திருக்கவே மாட்டார். இவன்தான் அவரை நினைத்துக்கொண்டிருந்தான். ஒருதலைக் காதலுக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரே வித்தியாசம்: காதலுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கமாட்டார்கள்.)

நான்காம் தொடக்கம்: குமாரசாமி தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்தார்.

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

3

குமாரசாமி பூபதியின் அப்பா. எங்கே போர் போட்டால் தண்ணீர் வரும் என்று பார்த்துச் சொல்பவர். ஊர் வழக்கில் ‘பாயிண்ட்’ பார்ப்பது. குடுமி உள்ள தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள், அதாவது விவசாய நிலத்துக்குள், மெதுவாக நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாகவே எழுந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டு வருவார். பின்னாலேயே துளை போடும் ரிக் வண்டி வரும்.*

* எல்லார் கையிலும் எழாது. ஓ பாசிட்டிவ் ரத்தம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் எழும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் முடிந்த முடிபு. தேங்காய்க்கு ரத்தப் பரிசோதனை எப்போது, எந்த ஆய்வகத்தில் கற்றுத்தரப்பட்டது என்பது தெரியவில்லை.

கல்லூரி ஆண்டு மலரில் பூபதி ‘தேங்காயின் நிலவியல்’ என்று ஒரு கட்டுரை எழுதினான். “தேங்காய் எழுவது தண்ணீருக்காக அல்ல, மணிக்கட்டுக்காக. அடுத்தபடியாக மாங்காயை வைத்துச் சோதிக்கலாம். தண்ணீர் வராவிட்டாலும் ஊறுகாய் மிஞ்சும்” என்று அது முடியும். கல்லூரியே சிரித்தது. துறைத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த மலர், ஒருநாள் அப்பாவின் வண்டிப் பெட்டிக்குள் கண்ணாடித்தாள் அட்டை போட்டு இருந்தது.

“படிச்சீங்ளாப்பா?”

“படிக்காம இருப்பனா? நல்லாத்தானே எழுதியிருக்கற சாமி. அந்த மாங்கா சங்கதியப் படிச்சுப்போட்டு நம்ம கெழங்குக் காட்டுச் சென்றாயன் வண்டிய நிறுத்திச் சிரிச்சான்.”

“உங்களக் கிண்டல் பண்ணித்தானுங்ப்பா எழுதியிருக்கறேன்.”

“அது தெரியுது. கீழ போன் நெம்பரயும் போட்டிருந்தீன்னா இன்னும் ரெண்டு காடு வந்திருக்கும்.”

பூபதியின் இலக்கிய வாழ்வில் இதைவிடக் கடுமையான விமர்சனம் இன்றுவரை வந்ததில்லை.

“அது கெடக்குது, உனக்கு என்ன ரத்தம்னு பாத்தியா?”

“தெரியலீங்ப்பா.”

(கல்லூரி ரத்ததான முகாமில் கொடுத்த அட்டை அவன் பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கதைக்குத் தேவையில்லாதது.)

4

பல்கலைக்கழகம் நேர்காணலுக்கு அழைத்தது. வீடியோவில்தான். ஆனால் இவன் வீட்டுச் சுவருக்குள் சிக்னல் வராது. பூபதி போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைவதைக் குமாரசாமி பார்த்தார்.

“இரு சாமி, ஓட்டம் பாத்துச் சொல்றேன்.”

“டவருக்கெல்லாம் தேங்கா வேலை செய்யாதுங்ப்பா!”

“தண்ணி பூமிக்குக் கீழ ஓடுது. இது மேல ஓடுது. ஓட்டம் ஓட்டந்தானே?”

தேங்காய் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றது. பூபதி ஏளனமாகச் சிரித்தபடி போனை அங்கே கொண்டுபோனான். சிக்னலின் நான்கு கோடுகளும் நிறைந்தன. கொள்கை வேறு, சிக்னல் வேறு. நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்தான்.

பேராசிரியைக்கு நரைத்த தலை, கழுத்தில் கம்பளித் துண்டு. கேள்விகள் நன்றாகத்தான் போயின. திடீரென்று அவர் பார்வை பூபதியின் தோளைத் தாண்டிப் போனது. பின்னால் குமாரசாமி, ஓட்டம் நகர்ந்துவிட்டதா என்று சரிபார்க்க, தேங்காயும் கையுமாக நடந்துகொண்டிருந்தார்.

“அது யார்?”

“என் அப்பா. நீராய்வு செய்கிறார்.”

“என்ன கருவியைப் பயன்படுத்துகிறார்?”

தேங்காய் என்று சொல்லியிருக்கலாம். படிப்பு எதற்கு இருக்கிறது? “உயிரியல் உணர்கருவி” என்றான்.

“வெற்றி விகிதம்?”

“நூறு சதவீதம். தண்ணீர் வராத குழிகளை மூடிவிட்டு அடுத்த நாள் முதல் அவற்றைப் பற்றிப் பேசமாட்டோம்.”

அவர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார். ஒரு கிடா கத்தியது. நன்றி, தெரிவிக்கிறோம் என்றார். திரை இருண்டது.

அவர் என்ன எழுதினார்? இந்தக் கதையில் மர்மம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

5

இதுவரை எழுதியதை சபீஹாவுக்கு அனுப்பினான். போன் வந்தது.

“உங்கப்பா நெஜமாவே ஆட்டுப்பட்டிகிட்டதான் உக்கார வச்சாரா?”

“ஆமா.”

“நம்பற மாதிரி இல்லடா. மாத்திடு.”

“நடந்தது சபீ.”

“நடந்ததெல்லாம் எழுதினா கதையாயிடுமா? சரி, என்னையும் கொண்டு வந்துட்ட. மேல எங்கயாவது பிரியாணி வருதா?”

“வரல.”

“பொழச்ச. ஆனா ஒண்ணு விட்டுட்ட. நீ பயந்துபோய் இருக்க. அத எங்கயும் எழுதல.”

“பயமெல்லாம் இல்ல.”

“அப்புறம் ஏண்டா அரை மணிக்கு ஒருவாட்டி எனக்குப் போன் பண்ற?”

(இந்த உரையாடல் அடுத்த வரைவில் நீக்கப்படும்.)

பயம் இருந்தது. அதற்கு ஒரு வடிவமும் இருந்தது: நீல நிறச் சட்டை. ஜெர்மனி இல்லையென்றால் சித்திரை பிறந்ததும் ரிக் வண்டியோடு ஒடிசாவுக்குப் போவதாக ஏற்பாடு. வண்டி முதலாளி மோகன்குமார் முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையை முன்கூட்டியே தைத்து அனுப்பிவிட்டார். பூபதி போட்டுப் பார்த்தான். அளவு கச்சிதம். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. அவனைப் பயமுறுத்தியது அந்தக் கச்சிதம்தான். ரிக் வேலையில் குறையொன்றும் கிடையாது. ஆனால் அங்கே எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். பாறைக்குள் தண்ணீர் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இவனுக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது.

(இந்தப் பத்தியில் நகைச்சுவை போதவில்லை. ஆசிரியர் வருந்துகிறார்.)

6

முடிவுகள் மூன்று உள்ளன.

அ. சென்றாயன் காட்டில் ரிக் இறங்குகிறது. புழுதி வானம் முட்டுகிறது. தண்ணீர் பீறிடும் அதே நொடியில் பூபதியின் போன் அலறுகிறது. அப்பாவும் மகனும் நனைந்தபடி கட்டிப்பிடித்து

(ரத்து. பின்னணி இசைக்கு ஆள் கிடைக்கவில்லை.)

ஆ. ‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வருகிறது. பூபதி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒடிசா போகும் வண்டியின் பின்னால் ஏறி, சங்ககிரி மலை மறையும்வரை

(ரத்து. ஒடிசா போகும் வண்டி அந்தப் பக்கம் போகாது.)

இ. நடந்தது. சென்றாயனின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டுக்கு அப்பாவைப் பைக்கில் கூட்டிப்போயிருந்தான். அப்பாவும் சென்றாயனும் மோட்டார் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் வேப்பமரத்தடியில் தனியாக நின்றான். மின்னஞ்சல் வந்தது. “உங்கள் விண்ணப்பத்தின் மீது முடிவு எடுக்கப்பட்டுள்ளது. உள்ளே சென்று பார்க்கவும்.” உள்ளே சென்று பார்த்தான்.

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு!

பூபதி போட்ட சத்தத்தில் கிழங்குக் காட்டிலிருந்து இரண்டு மயில்கள் எழும்பிப் போயின. குமாரசாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன சாமி, பாம்பா?”

“ஜெர்மனி கெடச்சிருச்சுங்ப்பா!”

சென்றாயன் கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலேயே கை தட்ட முயன்று சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். கடிதத்தின் அடியில் பேராசிரியை தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். அன்று குனிந்து எழுதியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பூபதி அதைத் தமிழில் படித்துக் காட்டினான்: “மூடிய குழிகளைப் பற்றி நேர்மையாகப் பேசிய முதல் விண்ணப்பதாரர் நீங்கள். எங்களிடம் ஒரு சோதனைத் திடல் இருக்கிறது. அந்த உணர்கருவியையும் கொண்டு வாருங்கள்.”

குமாரசாமி கண்ணைத் துண்டால் துடைத்தார். பிறகு கேட்டார்:

“எந்த ரகத் தேங்கான்னு சொல்லலியா?”

பொழுது சாய்வதற்குள் செய்தி ராசிபுரம் தாண்டிவிட்டது. பூபதி படிக்கப் போகிறான் என்று யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் தண்ணீர் வற்றிவிட்டது, குமாரசாமி வீட்டு ஆளை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. பூபதி மறுக்கவில்லை. அம்மா பெரியநாயகி வருவோர் போவோருக்கெல்லாம் கேசரி கிண்டிப் போட்டாள். மோகன்குமார் சட்டையைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். “அங்க போட்டுக்கங்க தம்பி. நம்ம வண்டிப் பேரு நாலு வெள்ளக்காரன் கண்ணுல படட்டும்.”

ஆக, தேங்காய்மீது பகுத்தறிவு முழு வெற்றி பெற்றது. கதை முற்றும்.

7

முற்றவில்லை.

சபீஹா (இ)யைப் படித்துவிட்டு இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். ‘மின்னஞ்சல் வந்தது’ என்பதற்கும் ‘உள்ளே சென்று பார்த்தான்’ என்பதற்கும் நடுவில்.

“மெயில் வந்து கால் மணி நேரம் கழிச்சுத்தான் எனக்குப் போன் பண்ணின. வந்த உடனே பாத்தேன்னு எழுதியிருக்க. நடுவுல என்னடா பண்ணின?”

“சிக்னல் இல்ல.”

“மெயில் வந்துச்சே?”

பூபதி போனை அணைத்துவிட்டான். கதாசிரியனுக்கு அந்தச் சலுகை இல்லை. வெற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அந்த வேப்பமரத்தடியில் நின்றவனுக்கு இன்னும் தெரியாது. அவன் கையில் திறக்காத முடிவு ஒன்று இருக்கிறது.

கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அப்பாவும் சென்றாயனும் இவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். போனைச் செம்மண் மேல், திரை வானம் பார்க்க வைத்தான். மரக்கிளையில் அப்பாவின் மஞ்சப்பை தொங்கியது. அதிலிருந்து தேங்காயை எடுத்தான். பர்ஸில் இருக்கும் அட்டை ஞாபகத்துக்கு வந்தது.

தேங்காய் எழுந்ததா என்று கேட்காதீர்கள். ஆண்டு மலரில் அச்சேறிய கட்டுரை அப்படியே இருக்கிறது. ஆசிரியர் அதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதாக இல்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் ரத்தம் என்ன பிரிவு என்று பார்த்துவிட்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

பூபதி பத்துப் பதினைந்து அடி பின்னால் போனான். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்தான், குடுமி விரல் பக்கமாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை நோக்கி மெதுவாக நடக்கத் தொடங்கினான்.

மணிக்கட்டைத் துளியும் ஆட்டவில்லை.