இரண்டாவது தட்டு

மடியில் இருந்த லேப்டாப்பில், ஒரு பாட்டில் விழும் இரண்டாவது தட்டுச் சத்தத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள் தேவிப்பிரியா. வாசலில் அவளுடைய நைனா பங்காரு மாலைகளுக்குள் படுத்திருந்தார். பேரன் பேத்தி எடுத்த உடம்பு, தூக்கத்திலேயே போன உயிர். கல்யாண சாவு என்று தெருவே சொன்னது. மேளத்துக்கு மாமன் மச்சான்கள் வேர்த்து வழிய ஆடினார்கள்.

பங்காரு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விசில் ஊதிப் பழக்கமில்லை. பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, அதுதான் அவருக்கு ரைட். போன ஆடிக் கிருத்திகைக்கு மகள் ஒரு பாட்டு செய்தபோது அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தாள். இரண்டாவது தட்டு பிந்தியே விழுந்தது. குவான்டைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. முன்னே பின்னே விழுந்த தட்டையெல்லாம் இழுத்துக் கொண்டுபோய்த் தாளக் கோட்டில் உட்கார வைத்துவிடும். அதை அழுத்தி, அப்படியே சேமித்தும் விட்டாள். பழையது போனது போனதுதான்.

கேட்டுவிட்டு பங்காரு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யாரும்மா இவன், மிலிட்டரிக்காரனாட்டம் தட்றான்? நான் போறன்னிக்கு என் தட்டப் போடு. இவன் தட்டுனா வண்டி நகராது."

அந்த நாள் இன்று. பாடை எடுப்பதற்குள் தட்டைச் சரி செய்தாக வேண்டும். கொஞ்சம் தள்ளினால் குடிகாரன் தட்டின மாதிரி இருந்தது. குறைத்தால் மறுபடி மிலிட்டரி.

ஜெகநாதன் பக்கத்தில் வந்து குந்தினார். பங்காருவோடு அதே பஸ்ஸை ஓட்டியவர். இன்றைக்குச் சாவு வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று சண்டை போட்டுச் சாவி வாங்கியிருந்தார்.

"எவ்ளோ தள்ளி வைக்கணும் மாமா?"

"அதுக்கு அளவு ஏது பாப்பா. ஒண்ணு தட்டுவான். யாராச்சும் ஓடியாந்துகினு கீறாங்களான்னு திரும்பிப் பாப்பான். அவங்க ஏறுன அப்புறம்தான் இன்னொண்ணு. கே.ஜி.கண்டிகை ஸ்டாப்புல கன்னியம்மா கூடையத் தூக்கிகினு வர்ற வரைக்கும் என்னிய நிறுத்தி வச்சிருவான். நான் திட்டிகினே கெடப்பேன்."

தேவிப்பிரியா லேப்டாப்பை மூடி வைத்தாள்.

பங்காருவை வண்டியில் ஏற்றினார்கள். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. ஜெகநாதன் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய் வண்டியின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

டீ குடிக்கப் போன மேளக்காரர் ஒருவர், ஒரு கையில் லுங்கியும் மறு கையில் மேளமுமாகத் தெருமுனையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். தெரு சிரித்தது. அழுது களைத்திருந்த அம்மா சுலோச்சனாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"மெதுவா வாய்யா, நிக்குது வண்டி" என்றாள்.

அவர் மூச்சிரைக்க வந்து, மேளத்தை உள்ளே தள்ளி, காலைத் தூக்கி ஏறும்வரை தேவிப்பிரியாவின் கை காற்றிலேயே நின்றது.

அப்புறம் இன்னொன்று தட்டினாள்.