வெள்ளையடித்த பெரிய வீடு

ஊருக்கு வெளியே இந்தப் பெரிய வீட்டைக் கட்டியவர் ஒரு மர வியாபாரி. மனைவிக்கு டவுன் தூசி ஆகாது என்று தோப்பு, குளம், இரு பக்கமும் மரம் வைத்த பாதை என்று அமர்க்களப்படுத்தினார். அந்த அம்மாள் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தார். தவளைச் சத்தத்தில் கண்ணை மூட முடியவில்லை என்று பிறந்த வீட்டுக்குப் போனவர்தான், பிள்ளைகள் இருவரை மட்டும் பிறகு திருப்பி அனுப்பிவைத்தார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அடித்துக்கொண்டு, கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள்.

யுத்தம் வந்தபோது அரசாங்கம் வீட்டைப் பிடுங்கி ஆஸ்பத்திரி ஆக்கியது. அப்புறம் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம். அப்புறம் பூட்டு. இத்தனை பேர் வந்து போன இடத்தில் போகாமல் இருந்தது நாங்கள் மட்டும்தான். என் வீட்டுக்காரரின் தாத்தா குளம் வெட்ட வந்தவர். கேட்டை ஒட்டிய அறையில் தங்கச் சொன்னார்கள், தங்கிவிட்டார். அதே அறையில்தான் இவர் பிறந்தார், நான் வாழ வந்தேன். எங்கள் தலைப்பிள்ளை, பேர் வைப்பதற்குள் கண்ணை மூடியது, குளத்தங்கரையில் கிடக்கிறது. "வேற வீடு பாத்துக்கலாமே" என்று யாராவது வாய் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மர வியாபாரியின் பேரன், எங்கள் சின்ன முதலாளிக்கு இடத்தை மனை போட்டு விற்க ஆசை. தலையில் மருந்துக்குக்கூட முடி இல்லை, இன்னமும் அவர் சின்ன முதலாளிதான். இங்கே படித்த வாத்தியார் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு மனு போட்டார். பழைய கட்டடம் என்று அரசாங்கம் எழுதிவிட்டால் யாரும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாதாம், காவலுக்கு நாங்களே இருக்கலாமாம். பார்த்துப்போக அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கை பரபரத்தது.

அவர் பரம்பரையில் அது ஒரு வழக்கம். கலெக்டர் வரட்டும், டாக்டர் வரட்டும், பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதலில் சுவருக்கு வெள்ளை, அப்புறம்தான் சோறு.

"பழைய வீடான்னு பாக்கத்தானே வர்றாங்க? இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"பழசு வேற, அழுக்கு வேற. இவ்வளவு நாளா நான் என்னத்தக் கிழிச்சேன்னு நினைக்க மாட்டாங்க? நீ சும்மா இரு."

முதலாளியிடம் பெயின்ட் கேட்டுப் போன் போட்டார். ஒரு தாழ்ப்பாள் கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கும் மனுஷன், மறுநாளே லாரி நிறைய அனுப்பினார். சிமென்ட், புது ஜன்னல், எல்லாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, அவருக்கும் வீட்டு மேல பாசம் இருக்கு" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

சுவரில் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் நம்பர்கள் தாரால் எழுதிக் கிடந்தன. அவற்றைச் சுரண்டினார். பள்ளிப் பிள்ளைகள் உயரம் பார்த்துக் கீறிய கதவு நிலையை இழைப்புளி போட்டு வழவழப்பாக்கினார். விரிசல் விட்ட கூடத்துத் தரையில் சிமென்ட் ஊற்றினார். மர ஜன்னல்கள் அடுப்புக்குப் போயின. வாசல் படிக்கு மேலே வருஷம் வெட்டிய கல் ஒன்று இருந்தது. அதைக் கொத்தி, பூசி, அதன் மேலும் வெள்ளை அடித்தார். கடைசியில் வீடு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது.

அதிகாரி ஒரு சின்ன வயசு அம்மா. விரலால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இது எப்பக் கட்டினதுங்க?"

"நூறு வருஷத்துக்கு மேலம்மா!"

"அதுக்கு ஏதாவது அடையாளம்?"

இவர் வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினார். "இங்கதாம்மா வருஷம் வெட்டியிருந்துச்சு. எழுத்தெல்லாம் உடைஞ்சு அசிங்கமா இருந்துச்சுன்னு பூசிட்டேன்."

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தண்ணீர் கேட்டு என் அறைக்கு வந்தபோதுதான் என்னிடம் உடைத்துச் சொன்னார். "பழைய கட்டடம்னு எழுத ஒண்ணுமே மிச்சம் இல்லையேம்மா. கையே வைக்காம விட்டிருந்தா போதும். பாவம், அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நானும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் தாங்க மாட்டார். மனு தள்ளுபடி என்று சேதி வந்ததும், வாத்தியாருக்கு மனு எழுதத் தெரியவில்லை என்று தெருவில் நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சின்ன முதலாளி காரில் வந்து இறங்கினார். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, இவர் தோளில் கையைப் போட்டார். இத்தனை காலத்தில் அவர் இவரைத் தொட்டதே கிடையாது.

"உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டான்யா. நீ மட்டும் அந்த வேலையப் பாக்கலன்னா, இந்த வீடு என் கழுத்துல கட்டின கல்லா தொங்கியிருக்கும்."

முதலாளி பாராட்டினால் பல்லைக் காட்டுவது இவர் பழக்கம். காட்டினார். "எந்த வேலைங்க?" என்று கேட்டார்.

"பெயின்ட் அடிச்சியே, அதான்!" என்று சிரித்துக்கொண்டே முதலாளி காரில் ஏறினார்.

கார் பாதையைத் தாண்டிப் போகும்வரை இவர் அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அந்த அம்மா அன்னைக்கே சொன்னாங்க" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்தபடி மெல்லப் பேசினார்.

"அந்தக் கல்லுல எழுத்து உடையவே இல்ல. சும்மா பாசிதான் புடிச்சிருந்துச்சு. லேசுல போகல. உளிய வச்சு ஒரு நாள் பூரா அடிச்சேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.