ஒரு குரலுக்கு மட்டும் இடம்

1

இதைக் கதையாக எழுத உட்காரவில்லை. கணினி இதழ் ஒன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள், கணினிக்குக் குரல் கொடுக்கும் சவுண்ட் கார்டை நேரடியாகப் பிடித்துக்கொள்வது நல்லதா, நடுவில் சவுண்ட் சர்வர் இருப்பது நல்லதா? நேரடியாகப் பிடித்தால் ஒலி கலப்படமில்லாமல், தாமதமில்லாமல் வரும். ஆனால் பிடித்தது விடும்வரை வேறெதுவும் வாய் திறக்க முடியாது. சர்வர் இருந்தால் எல்லாருடைய சத்தத்தையும் வாங்கிக் கலந்து அனுப்பும். “ஆகவே, வாசகர் தம் தேவைக்கேற்ப...” என்று எழுதும்போது எனக்குத் தெரிந்த ஓர் அக்காவும் தம்பியும் குறுக்கே வந்துவிட்டார்கள். வாக்கியம் அப்படியே கிடக்கிறது.

2

முதல் தொடக்கம்: “அக்காவுக்குக் கண் தெரியாது.”

(வேண்டாம். உடனே இரக்கப்படத் தொடங்கிவிடுவீர்கள். அவளுக்கு அது அறவே பிடிக்காது.)

இரண்டாவது: அக்கா தட்டச்சில் புலி. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவளுக்கு வாய்விட்டுப் படிக்கும். நமக்கு வண்டு இரைகிற மாதிரிதான் கேட்கும், அவ்வளவு வேகம். தம்பி விளம்பரப் படங்களுக்கு இசை சேர்க்கிறவன். கூடத்து மூலையில் இருந்த ஒரே கணினி பகலில் அக்காவுக்கு, சாயங்காலம் தம்பிக்கு.

சர்வர் வழியாக வரும் ஒலி இழுக்கிறது என்று அவன் வெகுநாளாக முனகிக்கொண்டிருந்தான்.

“சர்வரைத் தூக்கிடுறேன்க்கா. கார்டை நேரா என் சாஃப்ட்வேர் கையில குடுத்துட்டா சுத்தமா இருக்கும்.”

“அப்ப என்னோடது எப்படிடா பேசும்?”

“என் வேலை முடிஞ்சதும் மாத்தி வெச்சிடுறேன்.”

“நீ மறந்துட்டா?”

“மறப்பேனா? என்னக்கா நீ!”

3

கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் நிரந்தர வேலை ஒன்றுக்கு அக்கா விண்ணப்பித்திருந்தாள். தேர்வை வீட்டுக் கணினியிலேயே எழுதலாம் என்றார்கள். அன்று காலை தலைவாரி, கதவைச் சாத்தி, நேரத்தோடு உட்கார்ந்தாள்.

கணினி பேசவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கிச் செருகினாள். அணைத்துப் போட்டாள். விசிறி சுற்றியது, பெட்டி சூடாக இருந்தது, குரல் மட்டும் இல்லை. தம்பியின் சாஃப்ட்வேர் கணினியோடு தானும் எழுந்து, கார்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும்? தம்பிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

“கம்ப்யூட்டர்ல சவுண்ட் வரலைங்க. வேற ஒரு நாள் வெக்க முடியுமா?”

“உங்களுக்கு உதவி பண்ண வீட்டுல யாரும் இல்லையாங்க?”

போனை எடுத்த பெண் கனிவாகத்தான் கேட்டாள். பிறகு கூப்பிடுவதாகவும் சொன்னாள். கூப்பிடவில்லை.

4

தம்பியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரைவில், அக்கா வேலைக்குப் போவது பிடிக்காமல் அவன் வேண்டுமென்றே செய்ததாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு வசதி! வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இன்னொரு வரைவில் காலில் விழுந்து அழுதான். அதுவும் பொய். முந்தைய நாள் இசை அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் மாற்றிவைக்க மறந்து எழுந்து போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்தவன், “ஐயோ, அக்கா...” என்று அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எதையோ தட்டினான். அவள் கையிலிருந்த தேநீர் ஆறக்கூட இல்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்க்கா.”

கணினி பேசத் தொடங்கியது. அன்று காலை வந்திருந்த மடலைப் படித்தது. தேர்வுக்கு அவளை அன்போடு வரவேற்றிருந்தார்கள்.

“இப்ப கேக்குதாக்கா?”

5

(முடிவுகள்.) “கேக்குது” என்று அவளைச் சொல்லவைத்தால் அவன் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவான். பேசாமல் இருக்கவைத்தால், கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வான். இரண்டில் எதையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. உண்மையில் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நாற்காலிக்குப் பின்னால் அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். உங்களுக்கு அவன்மேல் பாவமாக இருந்தால், நீங்களே ஒரு பதில் சொல்லி அனுப்பிவையுங்கள்.