கொல்லைப்புறத்தில் ஒரு சிவப்புக்கொடி

மீனாக்ஷி ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கொல்லைப்புறத்துக்குச் சிமென்ட் தரை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. சியால்டாவை ஒட்டிய அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் மழை இறங்கிவிட்டால் பின்வாசல் முழுக்கச் சேறுதான். போன வருஷம் துணி காயப்போடப் போனவள் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, இரண்டு மாதம் இடது கையாலேயே தோசை வார்த்தாள். அந்தத் தோசைகளின் வடிவத்தைப் பற்றி அவள் கணவர் ஜம்புநாதன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

ஒருவழியாக இந்த ஜூனில் ஒர்க்ஸ் ஆபீஸ் மனம் இரங்கியது. சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கின. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மீனாக்ஷி சந்தோஷத்தில் பாயசம் வைத்தாள்.

பாயசத் தம்ளரோடு பின்பக்கம் போன ஜம்புநாதன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கூட்ஸ் வண்டி கார்டு. எக்ஸ்பிரஸ்களுக்கெல்லாம் வழிவிட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத ஸ்டேஷன்களில் மணிக்கணக்காக நிற்கிற பிழைப்பு. அப்போதெல்லாம் மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள், இவர் தரையைப் பார்ப்பார்.

“மீனா, இங்க வாயேன். குளவி வளை தோண்டுது.”

சுவரில் மண்ணை உருட்டி ஒட்டுகிற குளவி இல்லை அது. தரையைத் தோண்டுகிற ஜாதி. கறுப்பு உடம்பு, நூல் மாதிரி இடுப்பு. முன்காலால் மண்ணைப் பறித்து, நாய் தோண்டுவதுபோலப் பின்னால் வாரி எறிந்துகொண்டிருந்தது.

“இதுக்குக் கூட்டமும் கிடையாது, ராணியும் கிடையாது. எல்லாம் ஒண்டி ஆளாத்தான்” என்றார் ஜம்புநாதன். “வெட்டுக்கிளியைக் கொட்டித் தூக்கிட்டு வந்து உள்ள வச்சு, அதுமேல முட்டை இடும். கொட்டினதுல வெட்டுக்கிளி சாகாது, அசைய முடியாது, அவ்வளவுதான். புழு பொரிஞ்சு வந்து தின்னு முடிக்கிற வரைக்கும் கெட்டுப்போகாது.”

“ஃப்ரிட்ஜ் வாங்காமலே குடித்தனம் பண்ணுது. கெட்டிக்காரிதான்” என்றாள் மீனாக்ஷி. “நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க.”

அவர் பாயசம் தீரும் வரை வளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிகாலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, பரணில் கிடந்த பழைய கொடிகளை இறக்கினார். வெளுத்துப்போன சிவப்புக்கொடி ஒன்றை எடுத்துக் குளவியின் வளைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனார். ஆட்கள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள் என்பது அவர் எண்ணம்.

வெயில் ஏறியதும் குளவி வெளியே வந்ததை மீனாக்ஷி பால் காய்ச்சிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வளையின் வாயை மண்ணால் மூடியது. பிறகு கொடியைச் சுற்றிச் சின்ன வட்டம், கொஞ்சம் பெரிய வட்டம், இன்னும் பெரிய வட்டம் என்று பறந்து, மதிலைத் தாண்டிப் போயிற்று.

பத்து மணிக்கு நிதாய் மிஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். சிமென்ட் கரண்டியைப் பிடிப்பதற்கு முன் இருபது வருஷம் தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்தவர். கொடியைப் பார்த்தார், நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

“இது யார் நட்ட கொடி, பௌதி?” என்று வங்காளியில் கேட்டார். பௌதி என்றால் அண்ணி.

“எங்க வீட்டுக்காரர்தான். ஒண்ணுமில்ல, ஒரு குளவிக்காக. நீங்க எடுத்துப் போட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.”

“நட்டவர்தான் எடுக்கணும். நான் தொட மாட்டேன்.”

“என் கொல்லையில என்ன ராஜதானி எக்ஸ்பிரஸா வரப்போகுது?”

“எங்க இருந்தாலும் சிவப்பு சிவப்புதான் பௌதி.”

எவ்வளவு மன்றாடியும் மனிதர் மசியவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். அப்பவும் லைன் க்ளியர் ஆகலேன்னா மூட்டையெல்லாம் பதினாலாம் நம்பர் வீட்டுக்குப் போயிடும். அவங்களும் ரொம்ப நாளா கேக்கறாங்க.”

மீனாக்ஷிக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. ஏழு வருஷம் காத்திருந்தது ஒரு பூச்சியால் போயிற்றே! விடுவிடுவென்று போய்க் கொடியைப் பிடுங்கிக் குழாயடியில் எறிந்தாள்.

அரைமணி கழித்துக் குளவி திரும்பி வந்தது. தன்னைவிடப் பெரிய பச்சை வெட்டுக்கிளியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தாழப் பறந்து வந்து இறங்கியது. அங்கே போயிற்று, இங்கே போயிற்று. வளை இரண்டு சாண் தூரத்தில்தான் இருந்தது. அது தெரியாமல் வெட்டுக்கிளியைக் கீழே போட்டுவிட்டு வெற்றுத்தரையைச் சுரண்டியது. மறுபடி பறந்தது. மறுபடி வந்தது. ஓர் எறும்பு வெட்டுக்கிளியின் காலை மோப்பம் பிடித்தது.

“ஐயோ, கொடியைத்தான் அடையாளம் வச்சிருக்கு, அதைத் தேடுது” என்றாள் மீனாக்ஷி வாய்விட்டு.

அவளுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகித் திருச்சியிலிருந்து இங்கே வந்த புதிது. நாற்பது வீடு, நாற்பதும் ஒரே அச்சு, ஒரே பச்சைக் கதவு. வாசலில் நீல டிரம் இருந்தால் நம் வீடு என்று அடையாளம் வைத்திருந்தாள். ஒருநாள் அவள் மார்க்கெட் போயிருந்தபோது யாரோ டிரம்மை வேறு வாசலுக்கு நகர்த்திவிட்டார்கள். பையும் கையுமாக நேரே யார் வீட்டுக்குள்ளோ போய்க் காய்கறியை அடுக்களையில் கொட்டி, “ஏங்க, காபி போடவா?” என்று குரல் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒரு வங்காளி பனியனோடு எட்டிப் பார்த்தார். காலனி முழுக்க ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகை அவளுக்கு மட்டும்தான் தெரியும். கை நிறையச் சாமானோடு நிற்கிறோம், நம் வாசல் எது என்று தெரியவில்லை. அதைவிட அநாதரவான நிலைமை உண்டா?

ஓடிப்போய்க் கொடியை எடுத்துவந்தாள். கம்பு இருந்த ஓட்டை மண்ணில் அப்படியே இருந்தது. அதே ஓட்டையில் அதே சாய்வில் குத்தி நிறுத்தி, எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, தள்ளி நின்றாள்.

குளவி வந்தது. கொடியைக் கண்டதும் நேரே வளைக்குப் போய் வாயைத் திறந்தது. வெட்டுக்கிளியை இழுத்துவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, வெட்டுக்கிளியின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.  மீனாக்ஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பூச்சிக்காக இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு நிதாய் மிஸ்திரி வந்தபோது கொடி அப்படியே நின்றது. அவர் மூட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“நில்லுங்க” என்றாள் மீனாக்ஷி. “முந்தாநேத்து வரைக்கும் கொடி இல்ல. நேத்து காலைல அவர் நட்டார். அதை எடுத்துட்டு அப்புறம் நட்டது நான். அப்ப இனிமே சொல்ல வேண்டியதும் நான்தானே?”

மிஸ்திரி யோசித்தார். ரூல் புத்தகத்தில் அதற்கு எதிராக எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

“இந்தக் கொடியைச் சுத்தி ஒரு முழம் மண்ணு அப்படியே இருக்கணும். மீதியெல்லாம் போடலாம்.” சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பழைய பச்சைக்கொடியை எடுத்து விரித்துக் காட்டினாள். நிதாய் மிஸ்திரி விறைப்பாக நின்று கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டார். மாலைக்குள் வேலை முடிந்தது.

ஜம்புநாதன் அதற்கடுத்த நாள் மத்தியானம்தான் வந்தார். வழியெல்லாம் சமாதான வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்தவர், பின்வாசலில் சாம்பல் நிறத்தில் பளபளத்த தரையையும் நடுவில் ஒரு முழம் மண்ணையும் பார்த்து அத்தனையையும் மறந்துபோனார். படியில் மீனாக்ஷி, இடுப்பில் ஈரத்துணி வாளியோடு, ஆடாமல் அசையாமல் நின்றாள்.

“வாளியை இறக்கி வச்சிட்டு உள்ள வாயேன். பசிக்குது.”

“முடியாது” என்றாள் அவள் உதடு மட்டும் அசைய. “நான் இப்படி நிக்கும்போதுதான் அது சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கிளம்பிப் போச்சு. என்னையும் அடையாளம் வச்சிருக்கும். அது திரும்பி வர வரைக்கும் நான் நகரக் கூடாது.”

“அப்ப நான்?”

“நீங்க அப்போ இங்க இல்ல. நீங்க தாராளமா நகரலாம். சோறு மேடையில இருக்கு, எனக்கும் சேத்துப் பிசைஞ்சு எடுத்துட்டு வாங்க.”