ரத்தத்தில் சேராத மருந்து

வாயில் எதையாவது ஒதுக்கி வைப்பது ஜெகநாதனுக்குக் கைவந்த கலை. வருஷக்கணக்கில் புகையிலை ஒதுக்கி ஒதுக்கி, மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பை மாதிரியே ஆகிப்போயிருந்தது. புகையிலையை விட்டான், பை போகவில்லை. திருப்பதி ஆராய்ச்சி மையத்தில் கொடுத்த மாத்திரையை அவன் ஒதுக்கியது அந்த இடத்தில்தான். நர்சு டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்வாள், தூக்குவான். ஆ காட்டச் சொல்வாள், காட்டுவான். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க அந்த மகராசிக்குத் தோன்றவில்லை. வாயைத் துடைக்கிற சாக்கில் அடுத்த நிமிஷமே மாத்திரை அவன் துண்டுக்குள் போய்விடும்.

வல்லாரைக் கீரையில் இருக்கிற சத்து வாய்வழியாகச் சாப்பிட்டால் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்று அங்கே அளந்துகொண்டிருந்தார்கள். முதல் நாள் மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் தினமும் காலையில் வெறும் வயிற்றோடு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு போகவேண்டும். நோய் நொடி இல்லாத ஆள்தான் வேண்டும் என்றார்கள். ஜெகநாதனுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் அவன் மகள் காவ்யாவுக்கு.

ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. நடக்கப் பழகின நாளிலிருந்தே வலிப்பு. சித்தூர் பெரியாஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை ஒரு வேளை தப்பாமல் போட்டும், மாசத்துக்கு ஒரு தரமாவது எங்கேயாவது விழுந்துவிடும். போன தடவை பிரேயரில் எல்லோர் முன்னாலும் விழுந்து பாவாடையை நனைத்துக்கொண்டது. அதிலிருந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரே அடம். நரம்புக்கு வல்லாரையைப்போல உண்டா என்று அவன் ஊரான புத்தலப்பட்டில் ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு, ஜெகநாதனும் கீரையை அரைத்துக் கொடுத்துப் பார்த்தவன்தான். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பது மையத்தில் மாத்திரை கொடுக்கும் முன் நளினி டாக்டர் பேசினபோதுதான் அவனுக்குப் புரிந்தது. வேலூர்ப் பக்கத்துக்காரி, நல்ல மாதிரி. தமிழும் தெலுங்கும் கலந்து பொறுமையாகத்தான் சொன்னாள். "கீரையா துன்னா அந்த சத்து முக்காவாசி வயித்தோட போயிடும், ரத்தத்துல ஏறாது. இதுல மிளகுச் சாறு சேர்த்திருக்கோம். அது உள்ள தள்ளிவிடும். ஆனா ஒண்ணு. வேற எந்த மாத்திரை துன்னாலும் அதையும் சேர்த்துத் தள்ளிவிடும், அதோட வேகமும் ஏறிடும். அதனால வேற மாத்திரை சாப்பிடறவங்க யாரும் இதுல சேரக்கூடாது."

பயப்படவேண்டிய பேச்சு. ஜெகநாதன் காதில் அது வரமாக விழுந்தது. வல்லாரையும் ஏறும், கூடவே சித்தூர் மாத்திரையின் வேகமும் ஏறும். பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? படிக்காதவன் புத்தி என்று சொல்லிவிடலாம். பெற்றவன் புத்தி என்றுதான் எனக்குப் படுகிறது.

மனைவி கன்னிகாவிடம், திருப்பதி டாக்டரே பிள்ளைக்கென்று கொடுத்தனுப்பியது என்றான். ஈரத்தில் நசுங்கிய மாத்திரையைப் பார்த்து அவள் ஒரு தரம் முகம் சுளித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. தேனில் குழைத்து, வலிப்பு மாத்திரையோடு சேர்த்தே கொடுத்தாள்.

வலிப்பு நின்றது. அந்த வீட்டில் அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கன்னிகா திருமலைக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டாள். காவ்யா தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பிள்ளை முன்னைவிட அதிகமாகத் தூங்கினாள். நரம்புக்கு ஓய்வு கிடைக்கிறது என்றான் ஜெகநாதன். எழுத்து கோணல்மாணலாக ஓடுகிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினாள். போகப்போகச் சரியாகும் என்றான். படி இறங்கும்போது கால் பின்னியது, பேச்சு குழறியது. "இன்னாய்யா, கள்ளு குடிச்சவளாட்டம் நடக்கறா?" என்று கேட்டாள் கன்னிகா. "வலிப்பு வந்துச்சா? வரலல்ல? வாய மூடிக்கினு இரு" என்றான் அவன்.

அந்த வாரமே ஒரு காலை, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, காவ்யா தண்ணீர்க் குழாயடியில் விழுந்தாள். வலிப்புதான். ஆனால் இந்தத் தடவை நிற்கவில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு கன்னிகாவை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்றவனிடம் டூட்டி டாக்டர் ஓடி வந்தார். மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்டார்.

"ஒரு வேளை தப்பல சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. வேற ஏதாவது குடுத்தியா? நாட்டு மருந்து, பொடி, கசாயம், ஏதாவது?"

சொன்னால் திருட்டு வெளியே வரும். அதுகூடப் பரவாயில்லை. டாக்டர் கொடுத்தது என்று நம்பித் தன் கையாலேயே ஊட்டினவள் உள்ளே இருக்கிறாள். அவள் காதுக்கு இது போகுமே என்று நினைத்தான்.

"இல்ல சார். உங்க மாத்திரை மட்டுந்தான்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். ரத்தத்தில் மருந்து குறைந்துபோய்த்தான் வலிப்பு வந்திருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட பதிலுக்கு ஏற்ற வைத்தியம். அதே வலிப்பு மருந்தை ஊசியாக நரம்பில் ஏற்றினார்கள்.

ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது கன்னிகா வெளியே வந்தாள். "திருப்பதி மாத்திர குடுக்கறத சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொல்ட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லன்னாரு. நீ உள்ள போ."

அவள் நம்பிக்கையோடு உள்ளே போனாள். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், பாவி. கதவு வரைக்கும் போனான். உள்ளே எல்லோரும் ஓடுவது தெரிந்தது. பிள்ளையின் நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் போன் வந்தது. நளினி டாக்டர். ஜெகநாதன் எடுக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து, கன்னிகா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

"ஜெகநாதன், ஏன் வரவே இல்ல? உங்க முதல் நாள் ரத்தம் பார்த்தோம். மத்த எல்லாருக்கும் நல்லா ஏறியிருக்கு. உங்களுக்கு மட்டும் சுத்தமா இல்ல. நிஜமா சொல்லுங்க, மாத்திரைய முழுங்கினீங்களா?"

கன்னிகா குனிந்து பேசினாள். "மேடம், எங்க பாப்பாவுக்குத்தானே நீங்க குடுத்தீங்க? அதுக்கு வலிப்பு. அது துன்னுச்சு. இப்ப இல்ல மேடம், போயிடுச்சு."

நளினியின் குரல் உடைந்து வந்தது. "நான் குடுக்கலம்மா. யாருக்கும் குடுக்கல. வலிப்புக்கு என்ன மாத்திரை துன்னுச்சு?" கன்னிகா மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

"அய்யோ. அம்மா, சித்தூர்ல கேட்டிருப்பாங்களே, வேற ஏதாவது குடுத்தீங்களான்னு. அப்ப இதச் சொன்னீங்களா? அந்த வலிப்பு மருந்து அளவு மீறினா அதுவே வலிப்பக் கொண்டுவரும். சொல்லியிருந்தா அத நிறுத்தியிருப்பாங்களே."

"சொன்னாரு மேடம்" என்றாள் கன்னிகா. புருஷன் திருடினான் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு விளங்கியது. அப்படியும் அவனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "திருடியிருக்கலாம் மேடம், தப்புதான். ஆனா பெத்த பொண்ணு உசுருக்குப் போராடறப்ப மறைப்பாரா? அப்பவே சொல்லிட்டாரு. நானே கேட்டேன்."

சொல்லிவிட்டு, நீயே சொல் என்பதுபோல அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஜெகநாதன் கையை நீட்டிப் போனை அணைத்தான்.