கதவில்லார் தையலகம்

பலகையை மாட்டி முடிப்பதற்குள் கடைச் சொந்தக்காரர் ஆளனுப்பிவிட்டார். தையல்காரி மாடி ஏறிப் போனாள். அவர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"'கதவில்லார் தையலகம்'னு எழுதி வச்சிருக்கியே, உனக்கே கூச்சமா இல்லை? பேரை மாத்து. இல்லைன்னா சாவியைக் கொடுத்துட்டு மெஷினை ஏத்திட்டுக் கிளம்பு."

இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள் என்று தெரிந்ததுமே மற்றவர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அக்கரைக்காரர்களுக்கு இந்த ஊர் வைத்த பட்டப்பெயர் 'கதவில்லாதவங்க'. எவனாவது கதவைச் சாத்த மறந்தால், "நீ என்ன அக்கரையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பெரிய நகைச்சுவை!

"நீங்க வச்ச பேருதானே? அதை நான் எழுதினா மட்டும் ஏன் கசக்குது?"

"சண்டைக் காலத்துல கதவைக்கூட வித்துத் தின்ன கூட்டம். இதுல பெருமை வேறயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "விக்கலைங்க, கழட்டினோம். குண்டடிபட்ட உங்க ஊர்ப் பட்டாளத்துக்காரங்களைப் படகுத்துறைக்குத் தூக்கிட்டு வர வேற எதுவும் கிடைக்கலை. எங்கம்மா கழட்டின கதவு திரும்பி வரவே இல்லை. அந்தக் குளிர் முழுக்க வாசல்ல சாக்கைக் கட்டிட்டுப் படுத்தோம்."

"நல்லாத்தான் கதை விடுற. எங்கப்பாவும் அங்க அடிபட்டவர்தான். ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லையே." அவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்த தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

கிழவர் யாரையும் பார்க்கவில்லை. இடது விலாவைத் தடவிக்கொண்டார்.

"தாழ்ப்பாளைக் கழட்ட நேரமில்லை போல. துறை வரைக்கும் இங்கயே குத்திட்டு வந்துச்சு."

மகன் சாவிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். தையல்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை வருஷம் ஊரே சிரித்தபோது இந்த மனுஷனும் கூடத்தானே இருந்திருக்கிறார்!

"ஏன் பெரியவரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, கதவைத் திருப்பிக் கொடுத்திருக்கணுமே."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பலகை அங்கயேதான் இருக்கும்" என்றாள். போகிற போக்கில் அவர்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் படியிறங்கினாள். சாத்திவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை.